பதினொரு புள்ளிக்கும் திறந்த ஃபோல்டர்

நேற்று இரவு ஏழே முக்காலுக்கு மலேசியாவின் ஈப்போவிலிருந்து பெரிய அண்ணன் ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார். அங்கே மணி பத்தேகால் இருக்கும். எங்கள் வீட்டு வருடக் கணக்கான ஐந்தொகையின் முதல் பக்கம் முழுசாகத் தெரிந்தது. வலது மேல் மூலையில் அவர் பெயரின் முதலெழுத்து போட்ட வட்டம். நோட்டை எடுத்துக் கடைசிப் பெயருக்கு நேரே டிக் போட்டேன். அந்தக் கணக்கைப் பங்காளிகள் எல்லாரும் திறந்து பார்க்க வைக்கும் பதினாறு நாள் வேலை அதோடு முடிந்தது. நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதி வைக்கிறேன். பங்காளி வீட்டுக் கணக்கையும் கோவில் கணக்கையும் மெயிலில் பத்துப் பேருக்குப் பகிர்கிறவர்கள் நம் செட்டிநாட்டுப் பக்கத்தில் இப்போது நிறைய. அவர்களுக்கு இரண்டு நாளாவது மிச்சமாகட்டும்.

எங்கள் வீடு கானாடுகாத்தானில். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று இந்தத் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீடு. பங்காளிகள் பதினொரு புள்ளி. நம் பக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: கல்யாணமான ஆணும் அவர் மனைவியும் சேர்ந்து ஒரு புள்ளி. கோவில் வரியைப் புள்ளிக்கு இவ்வளவு என்று போடுவதுபோல, எங்கள் வீட்டில் பராமரிப்புச் செலவையும் புள்ளிக்கணக்கில்தான் பிரிக்கிறோம். இந்த வருடம் ஐப்பசி மழைக்கு முன்னால் இரண்டாங்கட்டுக் கூரையைப் பிரித்து ஓடு மாற்றினோம். மொத்தம் 2,86,000 ரூபாய். புள்ளிக்கு 26,000.

தை மாதம் படைப்பு, முன்னோருக்குப் படைக்கும் நாள். எல்லாரும் கூடும்போது வளவில் உட்கார்ந்து வருடக் கணக்கை வாசிப்பது வழக்கம். முன்பெல்லாம் கணக்குப்பிள்ளை பேரேட்டிலிருந்து ஐந்தொகை எடுத்து வாசிப்பார். நான் ஓய்வு பெறும்வரை கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதியவன், அதனால் ஏழு வருடமாக அந்த வேலை என்னிடம். இந்தத் தடவை தொகை பெரிது. படைப்பன்று வாசித்து அன்றைக்கே ஒப்புக்கொள்ளச் சொல்வது முறையில்லை, முன்கூட்டியே எல்லாரும் பார்த்துவிட வேண்டும் என்று நினைத்தேன்.

கூகுள் டிரைவில் ஒரு ஃபோல்டர் போட்டேன். உள்ளே ஐந்தொகை ஷீட் ஒன்று, ஓட்டு வேலைக்கான பில் படங்கள் 38, வீட்டுப் பழைய பத்திரங்களின் ஸ்கேன் பிடிஎஃப் ஆறு. அந்த ஆறும் தேவகோட்டையில் இருக்கும் பெரியப்பா 2016இல் காரைக்குடிக்குக் கொண்டுபோய் ஸ்கேன் செய்து வைத்தவை. பாகப்பிரிவினைப் பத்திரம், பட்டா, பழைய வரி ரசீதுகள். எந்தக் கட்டு யார் பங்கு என்று கேள்வி வந்தால் பார்க்க உதவும். என்னிடம் அவர் அப்போதே பகிர்ந்திருந்தார். அவற்றை இடம் மாற்றாமல், புது ஃபோல்டரில் அசலுக்கு வழிகாட்டும் ஷார்ட்கட்டாக வைத்தேன். இந்த ஷார்ட்கட் விஷயத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

பத்துப் பேரின் மெயில் முகவரியையும் ஃபோல்டரின் பகிர்வுப் பட்டியலில் சேர்த்தேன். லிங்க்கை எடுத்து, லேப்டாப்பில் இருக்கும் மெயில் மென்பொருளிலிருந்து ஒரு வெள்ளிக்கிழமை இரவு எல்லாருக்கும் அனுப்பினேன். சனிக்கிழமை காலை ஆறரைக்கே முதல் போன். “அனுமதி வேண்டும்னு வருது, என்னண்ணே, எங்களுக்கு மட்டும் பூட்டிட்டீங்களா?” கோயம்புத்தூர்த் தம்பி சிரித்துக்கொண்டுதான் கேட்டான். எனக்கு அது சுருக்கென்றது. பங்காளிக் கணக்கில் ஒருத்தருக்குத் தெரிந்து ஒருத்தருக்குத் தெரியாமல் இருப்பது சின்ன விஷயம் இல்லை. அன்று மதியத்துக்குள் நிலவரம் இது: மூன்று பேர் திறந்துவிட்டார்கள், ஆறு பேருக்குத் திறக்கவில்லை, பெரியப்பாவிடமிருந்து பதிலே இல்லை.

முதலில் செய்தவை எல்லாம் தப்பு. அதையும் எழுதுகிறேன்.

தம்பியின் முகவரியில் பெயருக்கும் இனிஷியலுக்கும் நடுவே ஒரு புள்ளி உண்டு. நான் புள்ளி இல்லாமல் சேர்த்திருந்தேன். இதுதான் காரணம் என்று முடிவே கட்டிவிட்டேன். எடுத்தேன், புள்ளியோடு சேர்த்தேன், மறுபடி அனுப்பினேன், திரும்பவும் அதே பக்கம். இன்னும் இரண்டு பேருக்கும் அப்படியே செய்து சனிக்கிழமை சாயங்காலம் முழுக்கப் போனது. ஜிமெயில் தன் சொந்த முகவரிகளில் நடுப்புள்ளியைக் கணக்கிலேயே எடுப்பதில்லை. புள்ளி வைத்தாலும் வைக்காவிட்டாலும் அது ஒரே ஆள்தான்.

அடுத்த தப்பு, எல்லாரையும் பிரவுசரில் பழைய தரவுகளை அழிக்கச் சொன்னது. சென்னை ஆச்சி சொன்னபடியே செய்தார்கள். போனில் எல்லாக் கணக்கும் வெளியே வந்துவிட்டது. பாஸ்வேர்டு எழுதிய டைரி ஊரில் இருக்கிறது. நானே போய் அவர்கள் அறையில் அலமாரியைத் திறந்து டைரியைத் தேடிப் போனில் வாசித்தேன். ஒன்றரை மணி நேரம். அழித்ததால் ஒரு பலனும் இல்லை.

மூன்றாவது, ஞாயிறு மதியம் பொறுமை போய் ஃபோல்டரை ‘லிங்க் வைத்திருக்கும் எவரும்’ பார்க்கலாம் என்று மாற்றினேன். நாற்பது நிமிடம் அப்படி இருந்தது. ஷீட்டின் இரண்டாவது தாளில் பொது வங்கிக் கணக்கு எண் இருக்கிறது. பத்திரங்களில் கையெழுத்தும் கைநாட்டும் இருக்கின்றன. லிங்க் யார் கையிலிருந்து யார் கைக்குப் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. மனசு கேட்கவில்லை, திரும்ப மூடினேன். ஆனால் அந்த நாற்பது நிமிடத்தில் இரண்டு சங்கதி தெரிந்தது. திறக்காத ஆறு பேரில் ஐந்து பேருக்கு ஃபோல்டர் திறந்தது, பெங்களூர்த் தம்பிக்கு மட்டும் அப்போதும் திறக்கவில்லை. ஃபோல்டர் திறந்தவர்களுக்கும் உள்ளே பத்திரங்களைத் தொட்டால் ‘அனுமதி வேண்டும்’ என்றே வந்தது. வெளிக்கதவு வேறு, உள்ளறைக் கதவு வேறு. ஒரே நோய் என்று நினைத்து ஒரே மருந்தைக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை ஒரு 80 பக்க நோட்டு வாங்கினேன், 30 ரூபாய். இந்த வேலையில் லேப்டாப்பைவிட அதுதான் உதவியது. ஆளுக்கு ஒரு பக்கம். எந்த முகவரிக்கு அனுப்பினேன், எந்தக் கருவியில் திறக்கிறார்கள், திரையில் என்ன வாசகம், வலது மேல் மூலையில் எந்தக் கணக்கின் வட்டம் தெரிகிறது, மெயிலைத் திறந்தது யார். கடைசிக் கேள்வி முதலில் என் மனசில் இல்லை, மூன்றாவது ஆளிடம் பேசும்போது சேர்த்தேன். போனில் விவரிக்க வேண்டாம், திரையைப் படம் எடுத்து அனுப்புங்கள் என்று கேட்டுக்கொண்டேன். ‘ஓப்பன் ஆகலை’ என்று ஒரே மாதிரி சொன்ன ஆறு பேருக்கும் திரையில் வந்தது ஒன்றாக இல்லை.

சென்னை ஆச்சியின் போனில் தொடங்கினேன். அவர்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், அனுமதி கேட்கும் பொத்தானுக்குப் பக்கத்தில் எந்தக் கணக்கில் நுழைந்திருக்கிறீர்கள் என்று சின்ன எழுத்தில் இருந்தது. அது ஆச்சியின் முகவரியே இல்லை. பேரனின் பள்ளிக்கூட முகவரி. 2020இல் ஆன்லைன் வகுப்புக்காக அந்தப் போனில் சேர்த்தது. அப்புறம் யாரும் எடுக்கவில்லை. அன்றைக்குப் பாஸ்வேர்டு போட்டு நுழையும்போதும் பேரன் கணக்கு முதலாவதாகவும் ஆச்சி கணக்கு இரண்டாவதாகவும் உட்கார்ந்துவிட்டன. மெயிலில் லிங்க்கைத் தொட்டதும் அது பிரவுசரில் திறக்கிறது, பிரவுசரோ முதல் கணக்கின் பெயரில் போய்க் கேட்கிறது. அந்தக் கணக்குக்கு நான் அனுமதி கொடுக்கவில்லையே.

“ஆச்சி, மேலே வட்டமா பையன் படம் இருக்கா? அதைத் தொடுங்க.”

“தொட்டேன். ரெண்டு பேரு வருது.”

“உங்க பேரைத் தொடுங்க.”

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், “ஓட்டு வேலைன்னு தமிழ்ல வருதுப்பா” என்றார்கள். அவ்வளவுதான்.

சிங்கப்பூர்த் தம்பிக்கும் இதே கதை, அவன் கம்ப்யூட்டரில். கடைக்கு ஒரு கணக்கு, சொந்தத்துக்கு ஒரு கணக்கு. அவன் அனுப்பிய படத்தில் முகவரிப் பட்டையில் யு என்ற எழுத்துக்கு அடுத்து 0 என்று இருந்தது. அந்த எண்தான் எத்தனையாவது கணக்கு என்பதைக் காட்டுவது. 0 என்றால் முதலில் நுழைந்தது, 1 என்றால் அடுத்தது. வட்டத்தைத் தொட்டுக் கணக்கை மாற்றியதும் திறந்தது. மாற்றியும் அடம்பிடித்தால் இன்னொரு வழி உண்டு. மெயிலை விட்டுவிட்டு நேராக டிரைவுக்குள் சரியான கணக்கில் போய், ‘என்னுடன் பகிர்ந்தவை’ என்ற இடத்தைப் பார்க்கச் சொல்ல வேண்டும். அங்கே ஃபோல்டர் தெரிந்தால் நம் பக்கம் வேலை சரி, அவர்கள் எந்தக் கணக்கில் நிற்கிறார்கள் என்பதுதான் பாக்கி. அங்கேயும் தெரியாவிட்டால் நாம் அனுமதி கொடுத்ததிலேயே பிசகு. இந்த ஒரு சோதனையை முதல் நாளே செய்திருந்தால் பாதி வேலை குறைந்திருக்கும்.

கோயம்புத்தூர், மதுரை இரண்டும்தான் என்னை யோசிக்க வைத்தவை. இரண்டு பேரின் முகவரியும் பட்டியலில் சரியாக இருந்தது. கணக்குக் குழப்பமும் இல்லை. மதுரை அண்ணனிடம் “மெயிலை யார் திறந்தது” என்று கேட்டபோதுதான் விஷயம் வந்தது. அவர் மெயிலே பார்ப்பதில்லை, வந்ததை மகனுக்குத் தள்ளிவிடுவார், மகன் தன் கணக்கில் திறந்திருக்கிறான். கோயம்புத்தூரில் தம்பி தன் மனைவிக்கு அனுப்பி, அந்தப் போனில் இரண்டு பேருமாகப் பார்த்திருக்கிறார்கள். நம் கணக்கில் கணவன் மனைவி ஒரு புள்ளி. நானும் புள்ளிக்கு ஒரு முகவரி என்று வரவு வைத்துவிட்டேன். டிரைவுக்குப் புள்ளி தெரியாது. அதற்கு ஒவ்வொரு முகவரியும் தனித்தனி ஆள். மெயிலை யாருக்கு வேண்டுமானாலும் தள்ளலாம், அனுமதி அதோடு போகாது. நான் எந்தப் பெயரை எழுதினேனோ அந்தப் பெயரிலேயே நிற்கும்.

இரண்டு வீட்டிலும் கேட்டு, மதுரைக்கு மகன் முகவரியையும் கோயம்புத்தூருக்குத் தம்பி மனைவி முகவரியையும் கூடுதலாகச் சேர்த்தேன். கேட்காமல் சேர்த்திருக்கலாம்தான், ஆனால் கணக்குப் பார்க்கும் உரிமை யாருக்கு என்பதை அந்தந்த வீட்டார்தான் சொல்ல வேண்டும். மதுரை அண்ணன் ஒரு நாள் எடுத்துக்கொண்டுதான் சரி என்றார்.

பெங்களூர்த் தம்பி கொடுத்திருந்தது ஆபீஸ் முகவரி. அவன் திரையில் வந்த வாசகமே வேறு. அனுமதி கேட்கும் பொத்தானே இல்லை, உங்கள் நிறுவனத்தின் கொள்கைப்படி இதைத் திறக்க முடியாது என்ற பொருளில் இருந்தது. நிறுவனத்துக்கு வெளியே இருந்து வரும் ஃபைலைத் திறக்கக்கூடாது என்று அங்கே நிர்வாகி பூட்டி வைக்கலாம். அது அவர்கள் உரிமை, நாம் செய்ய ஒன்றும் இல்லை. திறந்துவிட்ட நாற்பது நிமிடத்திலும் அவனுக்குத் திறக்காததற்குக் காரணம் இதுதான். சொந்த முகவரி வாங்கிச் சேர்த்தேன், ஆபீஸ் முகவரியைப் பட்டியலிலிருந்து எடுத்தேன். இது ஐந்து நிமிட வேலை.

ஈப்போ அண்ணனுடைய முகவரி யாகூ. இருபது வருடப் பழசு, மாற்ற மாட்டார், மாற்றச் சொல்லவும் எனக்கு விருப்பமில்லை. அவரிடம் கூகுள் கணக்கே கிடையாது. அதனால் லிங்க்கைத் தொட்டதும் நுழையச் சொல்லிக் கேட்கிறது, அவர் யாகூ பாஸ்வேர்டைப் போட்டுப் போட்டுப் பார்த்திருக்கிறார். இதற்கு ஜிமெயில் முகவரி புதிதாகத் தொடங்க வேண்டியதில்லை. கூகுள் கணக்கு தொடங்கும் பக்கத்திலேயே, இருக்கும் மெயில் முகவரியைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று ஒரு வழி உண்டு. அதில் யாகூ முகவரியைக் கொடுத்தால், அங்கே சரிபார்க்கும் எண் போகும், அதைப் போட்டால் அந்த முகவரியே கூகுள் கணக்கின் பெயராகிவிடும். நான் ஏற்கெனவே பகிர்ந்ததும் அதே முகவரிக்கு என்பதால் மறுபடி பகிர வேண்டியதில்லை. சொல்ல எளிதாக இருக்கிறது. செய்ய மூன்று ராத்திரி ஆனது. அந்த எண் ஸ்பேம் பெட்டிக்குள் போய் விழுந்திருந்தது, அதைக் கண்டுபிடிப்பதற்குள் எண்ணின் காலம் முடிந்துவிடும். நேற்று இரவு வந்த ஸ்கிரீன்ஷாட் இதற்குத்தான்.

இனி உள்ளறைக் கதவு. ஃபோல்டர் திறந்தவர்களுக்கும் பத்திரங்கள் ஏன் திறக்கவில்லை? எனக்குத் திறக்கிறது. அதனால்தான் இரண்டு நாள் அதை நம்பவே இல்லை. பிறகு லேப்டாப்பில் சோதனைக்கென்று வேறொரு கணக்கு தொடங்கி, அதையும் பட்டியலில் சேர்த்து, என் கணக்கு ஒட்டாத இன்காக்னிட்டோ ஜன்னலில் நுழைந்து பார்த்தேன். ஷீட் திறந்தது, பில் படங்கள் திறந்தன, பத்திரம் ஆறும் மறுத்தன. ஐகானின் ஓரத்தில் ஒரு சின்ன வளைந்த அம்பு. ஷார்ட்கட் என்பதற்கு அடையாளம். ஷார்ட்கட்டை நம் ஃபோல்டரில் வைத்தால் பெயர் எல்லாருக்கும் தெரியும், ஆனால் அசல் யாருடையதோ அவர் கொடுத்த அனுமதிதான் செல்லும். நம் ஃபோல்டரில் எத்தனை பேரைச் சேர்த்தாலும் அசலுக்கு அது போய்ச் சேராது. ஷார்ட்கட் இல்லாமல் நேரடியாக உள்ளே இருக்கும் ஃபைல்தான் ஃபோல்டரின் பட்டியலைத் தானாக எடுத்துக்கொள்ளும். 2020 செப்டம்பர் கடைசியிலிருந்து டிரைவில் ஒரு ஃபைல் ஒரு ஃபோல்டரில்தான் இருக்கலாம், இன்னொரு இடத்தில் வேண்டுமென்றால் ஷார்ட்கட்தான் என்று ஆகிவிட்டது. நான் அதற்கு முந்திய பழக்கத்திலேயே இருந்திருக்கிறேன்.

வீட்டு வரைபடம் மட்டும் தனி. அது பெரியப்பா 2017இல் எல்லாருக்கும் அனுப்பிய பழைய மெயிலில் லிங்க்காக இருந்தது, லிங்க் இருந்தால் யாரும் பார்க்கலாம் என்ற வகையில். அந்த மெயிலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருந்தேன். காரைக்குடி அண்ணனுக்குத் திறந்தது, அவர் மகனுக்குத் திறக்கவில்லை. ஒரே லிங்க், ஒரே மேசை. 2021 செப்டம்பர் 13 அன்று கூகுள் ஒரு பாதுகாப்பு மாற்றம் கொண்டுவந்தது. அதில் சேர்ந்த பழைய ஃபைல்களின் லிங்க்குகளுக்குப் பின்னால் ஒரு கூடுதல் சாவித்தொடர் தேவைப்பட்டது. முன்பே திறந்து பார்த்தவர்களுக்குப் பழைய லிங்க் தொடர்ந்து வேலை செய்யும், புதிதாக வருகிறவர் அனுமதி கேட்க வேண்டும். அண்ணன் 2017இலேயே பார்த்தவர், மகன் இப்போதுதான் வருகிறான். பகிர்வுப் பெட்டியிலிருந்து லிங்க்கைப் புதிதாக நகலெடுத்து அனுப்பினால் சாவித்தொடரும் சேர்ந்தே வரும்.

ஆக, ஆறு பத்திரம், ஒரு வரைபடம், ஏழுக்கும் சொந்தக்காரர் பெரியப்பா. புதன்கிழமை காலை ஒன்பது மணி பஸ்ஸில் காரைக்குடி போய் அங்கிருந்து தேவகோட்டை. போக வர 90 ரூபாய் ஆனது.

பெரியப்பாவுக்கு எண்பத்து மூன்று. போன வருடம் இரண்டு கண்ணிலும் புரை எடுத்ததிலிருந்து போனில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கிறார், ஒரு திரைக்கு நாலு வரிதான் வரும். மெயில் பார்ப்பதை விட்டுவிட்டார். பட்டகசாலைக் கூடத்தில் பாயில் உட்கார்ந்து இன்பாக்ஸைத் திறந்தோம். அனுமதி கேட்டு 19 மெயில். நம் ஆட்கள் பத்திரத்தைத் தொட்டுத் தொட்டு, பொத்தானை அழுத்தி அழுத்தி அனுப்பியவை. கேட்பது எல்லாம் ஃபைலின் சொந்தக்காரருக்குத்தான் போகும். ‘அனுமதி கேட்டாச்சு, நீங்கதான் இன்னும் குடுக்கலை’ என்று என்னிடம் மூன்று பேர் சொன்னார்கள். என் பெட்டியில் ஒன்றும் வராததைப் பார்த்து அவர்கள் அழுத்தவே இல்லை என்று நான் நினைத்திருந்தேன்.

ஒவ்வொரு பெயராக அவர் உரக்க வாசித்தார். ஈப்போ அண்ணன் பெயர் இல்லை, மதுரைப் பையன் பெயர் நான்கு தடவை இருந்தது. வாசித்து முடித்துப் போனை மடியில் வைத்துக்கொண்டு, “இத்தனை பேர் கேட்டுருக்காக, நான் பதிலே சொல்லாம இருந்துருக்கேனே தம்பி” என்றார். எனக்குத்தான் சங்கடமாக இருந்தது. அனுப்புவதற்கு முன் ஒரு போன் செய்து அவரிடம் சொல்லியிருக்க வேண்டியது நான்.

ஒவ்வொரு ஃபைலாகப் பகிர்வதா, நகல் எடுப்பதா என்று பேசினோம். ஒவ்வொன்றாகப் பகிர்ந்தால் இனி ஒரு முகவரி மாறினாலும் ஏழு ஃபைலில் மாற்ற வேண்டும். அதுவும் அவர்தான் செய்ய முடியும். நகல் எடுக்கலாம் என்று அவரே சொன்னார். “அசல் என்கிட்ட இருக்கட்டும், வாசிக்கிற பிரதி வீட்டுப் பொதுவுல இருக்கட்டும்.” அங்கேயே என் லேப்டாப்பில் ஏழையும் நகல் எடுத்தேன். நகல் என் பெயரில் விழும். அதை ஃபோல்டருக்குள் வைத்ததும் பட்டியலைத் தானாக எடுத்துக்கொண்டது. ஏழும் சேர்ந்து 212 எம்பி. இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபியில் மெயில், படம், டிரைவ் எல்லாம் அடங்க வேண்டும் என்றாலும் இது பெரிய சுமை இல்லை. ஷார்ட்கட்களை அழித்தேன். வரைபடத்தின் பழைய ‘எவரும் பார்க்கலாம்’ என்ற அனுமதியைப் பெரியப்பா தன் கையாலேயே மூடினார். 19 மெயிலையும் என்ன செய்வது என்று கேட்டேன். இருக்கட்டும் என்றார். ஊருக்குக் கிளம்பும்போது யார் யார் கேட்டார்கள் என்று அவர் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார், ஒவ்வொருத்தருக்கும் போன் செய்து சொல்லப் போகிறாராம்.

வீட்டுக்கு வந்து பகிர்வு அமைப்பில் இன்னும் இரண்டு காரியம் செய்தேன். எல்லாரையும் பார்வையாளர் என்று வைத்தேன், திருத்தும் உரிமை எனக்கும் காரைக்குடி அண்ணனுக்கும் மட்டும். முதலில் எல்லாருக்கும் திருத்தும் உரிமை கொடுத்திருந்தேன், சென்னையில் யாரோ விரல் பட்டு மணல் செலவு வரியில் ஒரு சைபர் குறைந்திருந்தது. பதிப்பு வரலாற்றில் போய்ப் பழையதை மீட்டேன். பிறகு, திருத்துபவர்கள் மற்றவர்களைச் சேர்க்கலாம் என்ற குறியை எடுத்துவிட்டேன். பார்வையாளர்கள் டவுன்லோடு செய்வதையும் பிரின்ட் எடுப்பதையும் தடுக்கவில்லை. கணக்கைக் கையில் வைத்துப் பார்ப்பது அவர்கள் உரிமை.

இரண்டாவது மெயிலைப் பிரவுசரில் ஜிமெயிலைத் திறந்தே அனுப்பினேன். இதில் ஒரு வசதி இருக்கிறது. டிரைவ் லிங்க் உள்ள மெயிலை அங்கிருந்து அனுப்பும்போது, பெறுகிறவர்களில் யாருக்காவது அனுமதி இல்லாவிட்டால் போகும் முன்பே ஒரு பெட்டி வந்து கேட்கும். எனக்கு வந்தது. பெங்களூர்த் தம்பியின் சொந்த முகவரியில் ஓர் எழுத்து தவறாகச் சேர்த்திருந்தேன். அந்த இடத்திலேயே சரிசெய்தேன். லேப்டாப்பின் மெயில் மென்பொருளுக்கு இந்தச் சோதனை தெரியாது, அது லிங்க்கை வெறும் எழுத்தாக நினைத்து அப்படியே அனுப்பிவிடும். முதல் வெள்ளிக்கிழமை அதில் அனுப்பியதுதான் நான் தெரியாமல் செய்த முதல் தப்பு.

செலவு அதிகமில்லை. நோட்டு 30, பஸ் 90. பெரியப்பாவுக்குக் காகிதத்தில் வேண்டும் என்றார், 44 பக்கம் பிரின்ட் 88, ஸ்பைரல் 40. மொத்தம் 248 ரூபாய். இதைப் பொதுக்கணக்கில் எழுதவில்லை. நேரம்தான் நிறையப் போனது. நோட்டில் குறித்தபடி கூட்டினால் பதினாலு மணி நேரம், அதில் ஆறு மணி நேரம் முதல் இரண்டு நாளில் செய்த தப்புகளுக்கு.

அடுத்த வருடம் கார்த்திகையிலேயே எல்லாருக்கும் ஒரு போன். எந்த முகவரி, அதைத் திறப்பது யார், வீட்டில் வேறு யாருக்கு வேண்டும் என்று கேட்டு நோட்டில் எழுதிக்கொண்ட பிறகுதான் பட்டியல். ஆபீஸ் முகவரி வாங்கப் போவதில்லை. அனுப்பும் முன் சோதனைக் கணக்கில் ஷீட்டை மட்டும் திறந்து பார்த்தால் போதாது, ஒவ்வொரு ஃபைலாகத் திறக்க வேண்டும். மெயிலின் முதல் வரியிலேயே, திறக்காவிட்டால் பொத்தானை அழுத்த வேண்டாம், வலது மேல் மூலை வட்டம் தெரியும்படி திரையைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள் என்று எழுதிவிடுவேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே ஈப்போ அண்ணன் போன் செய்தார். ராத்திரியே முழுதும் படித்துவிட்டாராம். பதினாலாம் வரியில் ஓடு 340 மீதி என்று போட்டிருக்கிறது, ஆனால் 31ஆம் பில்லில் வாங்கியதையும் கூரையில் ஏறியதையும் கழித்தால் 290தானே வருகிறது என்று கேட்டார். பில்லை எடுத்துப் பார்த்தேன், அவர் சொல்வது சரியாகத்தான் இருக்கிறது. மீதி ஓடுகளை இரண்டாங்கட்டுத் தாழ்வாரத்தில் அடுக்கி வைத்திருக்கிறது. நாளைக் காலை போய் எண்ணி, படம் எடுத்து, அதே ஃபோல்டரில் போட்டுவிட்டு அவருக்குப் பதில் சொல்ல வேண்டும்.